ஓடும் பரியும் நின்ற பரியும்: ஆங்கிலப் பந்தயக் குதிரை ஓவியங்கள் பற்றிய ஓர் ஆய்வு

பாரிசு நகரத்து லூவர் கலைக்கூடத்தில் தியோடர் ஜெரிக்கோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 1821ஆம் ஆண்டில் தீட்டிய குதிரைப் பந்தய ஓவியம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் எப்சம் திடலில் நிகழ்ந்த டெர்பிப் பந்தயத்தைக் காட்டுவது அது. கருமேகம் கவிந்த வானின்கீழ் நான்கு குதிரைகள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னுமாக நீட்டி, ஒரு குளம்பேனும் நிலம் தோயாமல் பறக்கின்றன. காண்பார் உள்ளத்தில் விரைவென்னும் உணர்ச்சியை இத்துணை வன்மையோடு எழுப்பும் ஓவியங்கள் மிகச் சிலவே. எனினும், இவ்வாறு எக்குதிரையும் ஓடுவதில்லை. அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற ஒளிப்படங்கள் இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவின.

அன்று முதல் கலை வரலாற்று நூல்கள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றன. ஓவியர் பல நூற்றாண்டுகளாகப் பிழைபடத் தீட்டினர் என்பதும், ஒளிப்படக் கருவி அப்பிழையைத் திருத்திற்று என்பதுமே அச்செய்தி. எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1950இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கலை வரலாற்று நூலின் முன்னுரையில் ஜெரிக்கோவின் ஓவியத்தையும் அவ்வொளிப்படத்தையும் அருகருகே வைத்து, கண் காண்பதையும் பழக்கமே ஆள்கின்றது என்பதற்குச் சான்றாகக் காட்டினார். அவர் கூறியது உண்மையே. ஆயினும் முழு உண்மை அன்று. ஜெரிக்கோவிற்கு இரண்டு தலைமுறை முன்னரே குதிரையின் உடலை எலும்பு வரை அறிந்த ஓவியர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். பந்தயக் குதிரைகளையே தம் வாழ்நாளின் பெரும்பகுதி தீட்டிய அவர், பந்தயத்தைத் தீட்டியது மிக அரிது. அவர் தீட்டிய சிறந்த குதிரைகள் யாவும் நிற்கின்றன. இஃது ஏன் என்னும் வினாவை எழுப்பினால், பிழையும் திருத்தமும் என்னும் எளிய கதை நிலைகுலைகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராய்வோம்.

சொல் பற்றிய குறிப்பொன்றை முதற்கண் தருதல் நலம். நம் நிகண்டு நூலார் குதிரையின் செலவை ஐந்தாகப் பகுத்து ஐங்கதி என்றனர். அப்பகுப்பு ஐரோப்பியர் கூறும் நடைவகைகளோடு ஒன்றுக்கொன்றாகப் பொருந்தாது. ஆதலின், பந்தயத்திற்குரிய மிகு விரைவான ஓட்டத்தை மக்கள் வழக்கிலுள்ள நாலுகால் பாய்ச்சல் என்னும் தொடராலேயே குறிக்கின்றோம். ஓவியத்தில் மட்டும் காணப்பெறும் அந்த நீட்டிய நிலையைப் பறக்கும் பாய்ச்சல் என வழங்குவோம்.

தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரையினம் இயற்கையில் தோன்றியதன்று, மக்கள் ஆக்கியது. கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்திற்குச் சென்ற மூன்று பொலிகுதிரைகளையே இவ்வினத்தின் தந்தைவழி முதல்வராகக் கூறுவர். பையர்லி என்னும் படைத்தலைவர் ஊர்ந்த துருக்கிக் குதிரை ஒன்று. அலெப்போ நகரிலிருந்து 1704இல் யார்க்ஷயருக்கு அனுப்பப்பெற்ற டார்லி அரபுக் குதிரை மற்றொன்று. 1753இல் இறந்த கொடால்பின் அரபுக் குதிரை மூன்றாவது. இவற்றின் வழித்தோன்றல்களைப் பதிவு செய்யும் பொதுப் பொலிகுதிரை நூலின் முன்னோடிப் பதிப்பு 1791இல் வெதர்பியால் வெளியிடப்பெற்றது. குதிரைக்குக் கால்வழி எழுதிய அதே பெருமக்கள் அதற்கு உருவமும் எழுதுவித்தனர் என்பது நோக்கத்தக்கது. தம் முன்னோர் படங்கள் தொங்கும் கூடத்திலேயே தம் குதிரையின் படத்தையும் தொங்கவிட்டனர். ஆதலின் இவ்வகை ஓவியம் தொடக்கத்தில் கலையென மதிக்கப்பெறவில்லை; உடைமைச் சான்று என்றே எண்ணப்பெற்றது. ஜான் வூட்டன், ஜேம்ஸ் சீமர் ஆகியோர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் தீட்டிய படங்களுட் பலவற்றில் குதிரையின் நிறமும் குறிகளும் பிழையின்றி உள்ளன. உயிர் சற்றுக் குறைவாகவே உள்ளது.

இந்நிலையை மாற்றியவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். லிவர்பூலில் 1724ஆம் ஆண்டு பிறந்த இவர், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனார். தந்தையாரின் தொழிலே மகனாருக்கு விலங்குடலை முதலிற் காட்டியிருத்தல் கூடும் என்பது நம் கருத்து. 1756ஆம் ஆண்டளவில் லிங்கன்ஷயரிலுள்ள ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரின் பண்ணை வீடொன்றில் தங்கி, ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள் இறந்த குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். உடலை இரும்புக் கொக்கிகளால் மேலிருந்து தொங்கவிட்டு, உயிருள்ள குதிரை நிற்பதுபோல் நிறுத்தி, தோல், தசை, நரம்பு, எலும்பு என ஒவ்வோர் அடுக்காக நீக்கி வரைந்தார். முதற்குதிரையின் ஆய்வு பதினொரு வாரம் நீடித்தது என்பர். அத்தகைய நாற்றத்தினிடையே அவருக்கு உடனிருந்து உதவியவர் மேரி ஸ்பென்சர் என்னும் பெண்மணி. படங்களைச் செம்பிற் செதுக்க இலண்டன் செதுக்குநர் முன்வராமையால் அப்பணியையும் ஸ்டப்ஸே கற்றுச் செய்தார். இங்ஙனம் உருவான ‘குதிரையின் உடற்கூறு’ என்னும் நூல் 1766இல் வெளிவந்தது.

இந்நூல் வெளிவருமுன்பே அவர்தம் பெயர் பெருமக்களிடையே பரவிற்று. ராக்கிங்ஹாம் பெருமகன் பொருட்டு 1762ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய ‘விசில்ஜாக்கெட்’ என்னும் குதிரையின் உருவம் இன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அக்கூடம் 1997இல் 110 இலட்சம் பவுன் கொடுத்து அதனை வாங்கியது. படத்தின் உயரம் ஏறத்தாழ 292 செ.மீ.; அகலம் 246 செ.மீ. கொடால்பின் அரபுக் குதிரையின் பேரனாகிய விசில்ஜாக்கெட் 1749இல் பிறந்தது. 1759இல் யார்க்கு நகரில் நான்கு மைல் பந்தயத்தில் 2000 கினி வென்றது. ஓவியத்திலோ பந்தயத்தின் சுவடே இல்லை. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, ஊர்பவரும் இல்லை, மண்ணும் வானும்கூட இல்லை. வெளிறிய வெறும் பரப்பின்மீது செந்நிறக் குதிரை பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, தலையை நம்பால் திருப்பி நோக்குகின்றது. பின்னங்குளம்புகளின் அருகே விழும் சிறு நிழலே நிலம் உண்டென்பதை உணர்த்துகின்றது.

இப்பின்னணி ஏன் வெறுமையாக விடப்பெற்றது என்பதற்கு ஒரு கதை கூறுவர். படத்தைக் கண்ட விசில்ஜாக்கெட் அதனைப் பகைக்குதிரை என்று எண்ணித் தாக்க முனைந்ததாம்; அதனால் வியப்புற்ற ராக்கிங்ஹாம் மேலும் ஒன்றும் தீட்ட வேண்டா என்றனராம். ஸ்டப்ஸின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்த ஓசையாஸ் ஹம்ப்ரி இதனைப் பதிந்துள்ளார். வண்ணத் திராட்சையைக் கொத்த வந்த பறவைகள் பற்றிய கிரேக்கக் கதையின் மறுபிறப்பே இஃது என்று கருத இடமுண்டு. மேலும், அதே காலத்தில் அதே பெருமகனுக்காக ஸ்டப்ஸ் தீட்டிய வேறு இரு படங்களும் வெறும் பின்னணியே கொண்டவை. ஒன்று தாய்க்குதிரைகளும் குட்டிகளும் நிற்பது. மற்றொன்று விசில்ஜாக்கெட்டும் வேறு இரு பொலிகுதிரைகளும் சைமன் காப் என்னும் குதிரைப்பாகனோடு நிற்பது. மூன்றும் ஒருங்கே வெறுமையாயிருக்க, ஒன்றிற்கு மட்டும் தற்செயலைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஓவியர் எண்ணியே விடுத்தார் என்று கொள்வதே முறை. பாகனின் பெயர் அப்படத்தோடு நின்று நிலவுவதையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதனைப் பின்னர்க் காண்போம்.

பந்தயத்தை நேரே தீட்டாமல் பந்தயத்தைக் காட்டுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஸ்டப்ஸ் கண்ட விடைகளுள் நுட்பமானது 1765இல் அவர் தீட்டிய ‘ஜிம்கிராக்’ ஓவியம். ஜிம்கிராக் உருவிற் சிறிய சாம்பல் நிறக் குதிரை. அதன் உடையவர் அந்நாளில் பாலிங்புரோக் பெருமகன். படத்தின் வலப்புறத்தில் தொலைவிலே நான்கு குதிரைகள் ஓடுகின்றன. ஜிம்கிராக் ஏனையவற்றைப் பின்னிட்டு முன்செல்கின்றது. பார்வையாளர் மாடம் மூடியிருத்தலின் அது பொதுப் பந்தயம் அன்று, வெள்ளோட்டம் என்பர். முன்புறத்திலோ அதே ஜிம்கிராக், ஓட்டம் முடிந்து, உடல் துடைக்கும் மனையின் அருகே நிற்கின்றது. பயிற்சியாளர் தலைப்பக்கம் பிடித்திருக்க, லாயச் சிறுவன் உடலைத் துடைக்க, ஜாக்கி அருகில் நிற்கின்றான். ஒரே குதிரை ஒரே படத்தில் இருமுறை தோன்றுகின்றது. தொலைவில் ஓடும் உருவங்களை ஓவியர் அக்கால வழக்கப்படி கால்நீட்டியே வரைந்துவிட்டார். அவற்றில் அவருக்கு அக்கறை இல்லை. அவர்தம் அறிவெல்லாம் முன்நிற்கும் குதிரையின் கால்களிலும், அதனைத் துடைக்கும் சிறுவனின் நோக்கிலும் திரண்டுள்ளது. 2011இல் இப்படம் ஏலத்தில் 224 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

பந்தய வரலாற்றின் தலையாய குதிரை எக்லிப்ஸ். 1764ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஞாயிறு மறைப்பு நிகழ்ந்த வேளையிற் பிறந்தமையால் இப்பெயர் பெற்றது. டார்லி அரபுக் குதிரையின் கால்வழியில் வந்த இஃது, ஓடிய பதினெட்டுப் பந்தயங்களுள் ஒன்றிலும் தோற்றதில்லை. எதிர்க்க வேறு குதிரை வாராமையால் தனியே நடந்து வென்றவையும் அவற்றுள் பல. இன்றுள்ள தரோபிரெட் குதிரைகளுட் பெரும்பாலானவற்றின் தந்தைவழி இதனிடமே சென்று சேரும். 1770இல் ஸ்டப்ஸ் தீட்டிய எக்லிப்ஸ் ஓடவில்லை. நியூமார்க்கட் திடலில், பாகன் கடிவாளம் பற்றியிருக்க, பந்தயத்தை எதிர்நோக்கி நிற்கின்றது.

எக்லிப்ஸ் 1789இல் இறந்தபோது சேன்பெல் என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் அதன் உடலை அறுத்து அளந்தார். எலும்பு அளவுகளைக் கொண்டு அதன் பாய்ச்சலைக் கணக்கிட முயன்று 1791இல் நூலொன்றும் வெளியிட்டார். அளவுகள் செம்மையானவை; பாய்ச்சல் பற்றிய முடிவுகளோ அவ்வாறு அல்ல. எலும்பு எவ்வளவு நீளம் என்பதை எலும்பு கூறும். எந்தக் கணத்தில் எந்தக் குளம்பு நிலத்தில் இருந்தது என்பதை அது கூறாது. இவ்வெல்லையை ஸ்டப்ஸ் சேன்பெல்லினும் நன்கு உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகின்றோம். தாம் அறுத்துக் கண்டதைத் தீட்டினார்; கண்ணால் பற்ற இயலாததைப் பெரும்பாலும் தீட்டாது விடுத்தார்.

பெரும்பாலும் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. 1791இல் வேல்சு இளவரசரின் ‘பாரனெட்’ என்னும் குதிரை அஸ்காட் திடலில் ஓட்லண்ட்ஸ் பந்தயத்தை வென்றது. அதனை ஸ்டப்ஸ், சாம் சிஃப்னி என்னும் ஜாக்கி ஊர்ந்து செல்ல, பறக்கும் பாய்ச்சலில் தீட்டினார். நம் கருத்துக்கு மாறான இச்சான்றை மறைத்தல் முறையன்று. ஆயின் அப்படத்தைக் கண்டோர் ஒன்றை உணர்வர். நிற்கும் குதிரைகளில் காணும் தசையின் இறுக்கமும் எடையும் இதில் இல்லை. குதிரை மரப்பொம்மைபோல் வானில் தொங்குகின்றது. புரவலர் விரும்பியதைத் தந்தார் எனலாம், தம்மைத் தரவில்லை.

ஸ்டப்ஸ் தம்மை முழுதும் தந்த படம், எழுபத்தைந்து அகவையிற் தீட்டியது. நியூமார்க்கட்டில் 1799 மார்ச்சு 25ஆம் நாள் ஹேம்பிள்டோனியன், டயமண்டு என்னும் இரு குதிரைகளுக்கிடையே 3000 கினிப் பந்தயம் நடந்தது. நான்கு மைலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில், அரைக் கழுத்து அளவில் ஹேம்பிள்டோனியன் வென்றது. இரு குதிரைகளும் சாட்டையாலும் குதிமுள்ளாலும் கடுமையாக ஊறுபட்டன. உடையவராகிய ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் வெற்றிப்படம் ஒன்று வேண்டினார். ஸ்டப்ஸ் தந்தது ‘உடல் துடைக்கப்பெறும் ஹேம்பிள்டோனியன்’. ஏறத்தாழ 209 செ.மீ. உயரமும் 367 செ.மீ. அகலமும் உடைய அப்பெரும்பரப்பு முழுதும் களைத்த குதிரையே நிறைந்துள்ளது. காதுகள் பின்மடிந்துள்ளன, வாய் திறந்துள்ளது, நரம்புகள் புடைத்துள்ளன. பாகன் குதிரையின் அருகே நிற்கின்றான். துடைக்கும் துணியோடு சிறுவன் ஒருவன் நிற்கின்றான். இருவரும் நம்மையே நேர்நோக்குகின்றனர். அந்நோக்கில் வெற்றிக் களிப்பு இல்லை. 3000 கினி வென்ற பெருமகன் படத்தில் எங்கும் இல்லை.

சைமன் காப்பின் பெயர் நிலைத்தது பற்றி முன்னர்க் கூறினோம். உடைமைச் சான்றாகத் தொடங்கிய ஓவியவகை, குதிரையோடு வாழ்ந்த ஏவலரின் முகத்தைக் காப்பதாக முடிந்தமை ஸ்டப்ஸின் செயல். அவர் ஓட்டத்தை விடுத்து நிற்றலைத் தேர்ந்ததன் பயன்களுள் இது தலையாயது. ஓடும் குதிரையின்மேல் ஜாக்கி மட்டுமே இருத்தல் கூடும். நிற்கும் குதிரையின் அருகேதான் பாகனுக்கு இடம் உண்டு. இப்படத்திற்குரிய பொருளை வேன்-டெம்பெஸ்ட் தாராமையால் முதிய ஓவியர் வழக்குத் தொடுத்துப் பெறவேண்டியதாயிற்று. இன்று அது வட அயர்லாந்தின் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் உள்ளது. ஸ்டப்ஸ் 1806இல் மறைந்தார்.

அவருக்குப் பின் பந்தயப் படம் பெருந்தொழிலாயிற்று. வண்டியோட்டியாகவும் பெயர்ப்பலகை எழுதுநராகவும் இருந்த ஜான் பிரடெரிக் ஹெரிங், செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற குதிரைகளை ஆண்டுதோறும் முப்பத்துமூன்று ஆண்டுகள் தீட்டினார். அச்சுப்படங்கள் வாயிலாகப் பறக்கும் பாய்ச்சல் மதுக்கடைச் சுவர் வரை பரவிற்று. இந்நிலையின் வரலாற்றைப் பழங்காலம் முதல் தொடர்ந்து ஆராய்ந்தவர் சலமோன் ரைனாக் என்னும் பிரெஞ்சு அறிஞர். மைசீனியக் கலையிலும் சீனக் கலையிலும் இதனைக் கண்ட அவர், பார்த்தெனான் சிற்பங்கள் முதலிய செவ்வியல் கிரேக்கப் படைப்புகளில் இஃது இல்லாமையைச் சுட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அச்சுப்படம் வழியே இது மேற்கு ஐரோப்பாவிற் புகுந்தது என்றும் கருதினார். அக்கால எல்லையை ஏற்றல் அரிது. அந்நூற்றாண்டின் முற்பாதியிலேயே சீமரின் படங்களில் இதனையொத்த நிலை காணப்பெறுகின்றது.

ஜெரிக்கோ இங்கிலாந்து சென்றது 1820இல். ‘மெடூசாவின் தெப்பம்’ என்னும் தம் பெரும்படத்தைக் காட்டுதற்பொருட்டு. அதற்கு முன்னர் 1817இல் உரோமில், ஊர்பவரின்றி ஓடும் பார்பரிக் குதிரைகளின் திருவிழாப் பந்தயத்தைக் கண்டு பல படங்கள் எழுதியிருந்தார். அவற்றில் குதிரைகள் மனிதரோடு மல்லாடுகின்றன. குளம்பு மண்ணிற் பதிகின்றது. குதிரையேற்றத்தில் வல்லவர், குதிரையிலிருந்து வீழ்ந்த ஊறு அவர்தம் இறப்பை விரைவுபடுத்திற்று, 1824இல் முப்பத்திரண்டாம் அகவையில் இறந்தார். இத்தகையவர் அறியாமையாலா எப்சம் குதிரைகளைப் பறக்கவிட்டார்? ஆங்கில அச்சுப்படங்களின் நிலையை அவர் அறிந்தே எடுத்துக்கொண்டார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஒளிப்படத்தின் பங்கினைச் சுருங்கக் கூறுவோம். பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியேன் மாரே குதிரைக் குளம்புகளிற் காற்றுப்பைகளைப் பொருத்தி, அவை நிலத்திற் படும் கணங்களைக் கருவியாற் பதிந்து 1873இலேயே நூலிற் கூறினார். 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்டு ஸ்டான்போர்டு என்னும் செல்வரின் பொருளுதவியால், எட்வர்டு மைபிரிட்ஜ் பன்னிரண்டு கருவிகளை வரிசையாக நிறுத்தி, சாலி கார்ட்னர் என்னும் பெண்குதிரையின் பாய்ச்சலைப் படமெடுத்தார். நான்கு குளம்பும் நிலம் நீங்கும் கணம் உண்டு என்பது தெளிவாயிற்று. ஆயின் அக்கணத்தில் கால்கள் விரிந்திருக்கவில்லை, வயிற்றின்கீழ் மடங்கிக் குவிந்திருந்தன. மெய்சோனியே என்னும் பிரெஞ்சு ஓவியர், குதிரையோடு ஒத்து விரைந்து செல்லத் தம் நிலத்திலே தண்டவாளம் இட்டு, வண்டியில் அமர்ந்து நோக்கியவர், அவரும் கலக்கமுற்றார். ஆயினும் 1881இல் மைபிரிட்ஜைத் தம் இல்லத்திற்கு அழைத்துப் பிற கலைஞர்க்கு அப்படங்களைக் காட்டுவித்தார்.

இதற்கு மறுமொழி கூறியவர் சிற்பி ரோடின். பால் கிசேலுடன் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் 1911இல் நூலாயின. அதில் ஜெரிக்கோவின் படத்தை எடுத்துக்கொண்டு, ஓவியர் கூறுவதே மெய் என வாதிடுகின்றார். அவர்தம் கருத்து இது: பார்வை படத்தின் பின்புறத்தினின்று முன்னோக்கிச் செல்லும்போது, பின்னங்கால்கள் உந்தி முடித்த கணத்தை முதலிற் காண்கின்றது, பின்னர் உடல் நீள்கின்றது, பின்னர் முன்னங்கால்கள் நிலம் தேடுகின்றன. மூன்றும் ஒரே கணத்தில் நிகழா; எனினும் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொன்றும் மெய்யே. ஒளிப்படம் காலத்தை நிறுத்துகின்றது. உலகில் காலம் நிற்பதில்லை.

இக்கருத்தை மனத்திற் கொண்டு மீண்டும் ஜிம்கிராக்கை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலனாகும். ஜெரிக்கோ வெவ்வேறு கணங்களை ஒரே உடலில் அமைத்தார். ஸ்டப்ஸ் வெவ்வேறு கணங்களை ஒரே நிலப்பரப்பில், இரு உடல்களாக அமைத்தார். இருவர்க்கும் சிக்கல் காலமே. கண்ணுக்கு எட்டாத கணத்தை இட்டுக்கட்டி நிரப்பினார் ஒருவர்; அதனைத் தொலைவிற்குத் தள்ளிவிட்டு, அது உடலில் விட்டுச்சென்ற வியர்வையையும் மூச்சையும் தீட்டினார் மற்றவர். ஒருவரைப் பிழையுடையார் என்றும் மற்றவரை அச்சமுடையார் என்றும் கூறுதல் இருவர் செயலையும் அறியாமையாகும்.

பந்தயத்தை விடுத்துப் பிறவற்றை நோக்கும் இவ்வழியைப் பின்னர்ப் பலர் மேற்கொண்டனர். வில்லியம் பிரித் தீட்டி 1858இல் காட்சிக்கு வைத்த ‘டெர்பி நாள்’ படத்தில் மக்கள் திரளே உள்ளது. குதிரைகளைத் தேடித்தான் காணவேண்டும். மனே 1866இல் தீட்டிய லாங்ஷாம் பந்தயத்தில் குதிரைகள் நம்மை நேர்நோக்கி வருகின்றன. கால்கள் புழுதியிலும் தூரிகைக் கோடுகளிலும் மறைந்துவிடுகின்றன. பக்கவாட்டில் நோக்கினால் எழும் வினா நேர்நோக்கில் எழுவதில்லை.

எட்கர் தெகாவின் செயலே இவ்வகையில் மிகவும் ஆராயத்தக்கது. 1866இல் அவர் காட்சிக்கு வைத்த ‘வீழ்ந்த ஜாக்கி’ ஓவியத்தில் குதிரைகள் ஆங்கில அச்சுப்படங்களின் வழியே பறந்தன. மைபிரிட்ஜ் 1887இல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுதியை வெளியிட்டபின், அதிலுள்ள அன்னி ஜி. என்னும் குதிரையின் படங்களைப் பார்த்துத் தெகா வரைந்தார். மெழுகாலும் குதிரைகளை வனைந்தார். இனி மெய்யான பாய்ச்சலைத் தீட்டுதற்குத் தடை ஏதும் இல்லை. ஆயினும் அவர்தம் பந்தயப் படங்களுட் பெரும்பாலானவற்றில் பந்தயம் இன்னும் தொடங்கவில்லை. ஜாக்கிகள் சேணத்தில் சோர்ந்து அமர்ந்திருக்கின்றனர். ஒரு குதிரை கட்டுக்கடங்காது வரிசையினின்று விலகுகின்றது. மற்றொன்று தலைகுனிந்து நிற்கின்றது. கொடி இன்னும் வீழவில்லை.